வெயில் காணாத மஞ்சள்

கனகசிங்கமும் அவருடைய மனைவி ஜெயமதியும் வந்த அன்று, இரவிச்சந்திரனின் வெள்ளைச் சேட்டு ஒன்று பல்கனிக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சுப் பக்கத்தில் உள்ளங்கையளவு மஞ்சள் கறை. முருகன் கோயில் கலியாணம் ஒன்றில் யாரோ மஞ்சள் தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டிருந்தார்கள்.

“தேய்ச்சுத் தேய்ச்சு என்ர கைதான் தேய்ஞ்சது அத்தான், கறை அசையுதில்லை,” என்று முறைப்பட்டாள் அஜந்தா. “வெயிலில போட்டிருக்கிறன். இனி அது பாடு, வெயில் பாடு.”

அஜந்தா இரவிச்சந்திரனின் மறைந்துபோன மனைவிக்குத் தங்கை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். கோடை விடுமுறை என்றால் அவளுக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கும் இந்த மாடி வீட்டுக்கு வந்து அத்தானுடைய வேலையைத் தன் வேலையாக்கிக்கொள்வாள். இரவிச்சந்திரன் நெடுங்காலம் ஒரு காப்புறுதிக் கொம்பனிக்குத் துப்பறிந்தவர். எரிந்த கார் தானாக எரிந்ததா, யாரும் எரித்ததா என்று சாம்பலைப் பார்த்துச் சொல்லிவிடுவார். அதிர்ந்து பேசமாட்டார். ஓய்வு பெற்ற பிறகு நம்முடைய சனம் பொலிசுக்குச் சொல்ல முடியாத சங்கதிகளை அவரிடம் கொண்டுவரத் தொடங்கிவிட்டது.

கனகசிங்கம் வெளிப்படிகளில் ஏறிய களைப்பில் கதிரையில் விழுந்தார். ஜெயமதி உட்காரவில்லை. கைத்தொலைபேசியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி நின்றாள்.

“ரவி அண்ணை, என்ர தம்பி உயிரோட இருக்கிறான். எங்க இருக்கிறான் எண்டு மட்டும் கண்டுபிடிச்சுத் தாங்கோ.”

கனகசிங்கம் சுவரைப் பார்த்தார்.

ஜெயமதி மட்டக்களப்புக்காரி. அவளுடைய ஒரே தம்பி கிருஷாந்தன் தொண்ணூறுகளில், வெளிநாட்டுக்குக் களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒருவனுடன் வெளிக்கிட்டவன். லிஸ்பனிலிருந்து பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு ஒரே ஒருமுறை எடுத்தான். “அக்கா, லிஸ்பனில நிக்கிறன். சரியான குளிர். பேந்து எடுக்கிறன்.” அந்தப் பேந்து, அந்தப் ‘பிறகு’, வரவேயில்லை. தாய் சாகும்போதும் அவனுக்கு ஈமக் காரியம் ஒன்றும் செய்யக்கூடாது என்று ஜெயமதியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கண்ணை மூடினாள்.

“அவன் கடைசியாக் கதைச்ச ஊரை ஒருக்கா மிதிக்கவேணும் எண்டு எனக்கு எத்தினை வருச ஆசை! இந்த ஆடியிலதான் சரிவந்தது. எமிலியானுஸ் அண்ணையின்ர வானில போனம்.”

எமிலியானுஸை மொன்றியலில் பலருக்குத் தெரியும். சின்னச் சின்னக் குழுவாகச் சனத்தைக் கூட்டிக்கொண்டு போய், போர்த்துக்கல்லில் வான் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தானே ஓட்டி, பழைய நகரங்களைக் காட்டி வருகிறவர். லிஸ்பன், மதில் சூழ்ந்த ஒபிடுஷ், பாத்திமா மாதா கோயில், கோட்டையுள்ள தோமார், கோயிம்பிரா, போர்த்தோ. போகுமிடமெல்லாம் சமையலறை உள்ள வீடு எடுப்பார். அரிசிக் குக்கரும் தூளும் கூடவே போகும். இந்தமுறை வேறு ஆட்கள் கடைசி நேரத்தில் நின்றுவிட்டதால் வானுக்குள் நாலே நாலு பேர்தான்: எமிலியானுஸ், கனகசிங்கம், ஜெயமதி, ஜெயமதியின் நெடுநாள் சிநேகிதி அக்னெஸ்.

“அக்னெஸக்காவும் மட்டக்களப்புத்தான். வேதக்காரி. நான் இங்க வந்து மூத்தவனை வயித்தில வைச்சிருக்கேக்க கண்ட சிநேகிதம். சொந்தத் தமக்கை மாதிரி. அவதான் வழி முழுக்க எங்களுக்குச் சமைச்சுப் போட்டவ.”

“பாத்திமாவில நடந்ததைச் சொல்லு,” என்றார் கனகசிங்கம்.

ஜெயமதி தலையைக் குனிந்தாள். “லிஸ்பனில எனக்கு ஒண்டும் கிடைக்கேல்லை. ஒரு தெருவைப் பாத்து அழுறதுக்கும் எந்தத் தெரு எண்டு தெரியவேணுமே. பாத்திமாவில மாதாவுக்கு முன்னால விழுந்து கத்திப்போட்டன். அவன் இருக்கிறானெண்டால் ஒரு அடையாளம் காட்டு, இல்லையெண்டால் என்னை எடு எண்டு. அக்னெஸக்காதான் என்னைத் தூக்கி எழுப்பினவ. அடுத்தநாள் தோமார். அதுக்கு அடுத்தநாள் காலமை கோட்டைக்கு நடந்து போற வழியில ஒரு குட்டிச் சிற்றாலயம். அதின்ர யன்னல் கம்பியில... பாருங்கோ.”

படத்தில் துருவேறிய கம்பி. அதில் ஒரு நேர்த்தி முடிச்சு. மஞ்சளில் தோய்த்த துணியில் காசு முடிந்து, நினைத்தது நடக்கவேண்டும் என்று நம்மவர்கள் கோயிலில் கட்டுவார்களே, அதேதான். கோழிக்குஞ்சின் நிறத்தில், அந்தச் சாம்பல்நிறச் சுவரில் கண்ணைப் பறித்தது. முடிச்சின்மேல் கறுப்பு நூலால் ஒரு சோகி, சின்னச் சோழி ஒன்று, கட்டியிருந்தது.

“இந்தச் சோகியை எனக்குத் தெரியும்,” என்றாள் ஜெயமதி. “தம்பி வெளிக்கிடேக்க அம்மா அவன்ர கையில கட்டிவிட்டவ. அதின்ர மூலை உடைஞ்சிருக்கும். உடைஞ்ச இடத்தில நான்தான் சின்னனில நகத்துக்குப் பூசுற சிவப்புக் கியூரெக்ஸ் பூசினனான். இஞ்ச, பெருப்பிச்சுப் பாருங்கோ.”

அஜந்தா எட்டிப் பார்த்து, “ஐயோ, ஓம் அத்தான்! சிவப்பு!” என்றாள்.

“முடிச்சை அவிழ்த்துப் பாத்தனீங்களோ?” என்று கேட்டார் இரவிச்சந்திரன்.

“எப்பிடி அண்ணை? ஒராள் கட்டின நேர்த்தியை இன்னொராள் அவிழ்க்கலாமோ? அவன் என்னைக் காணவேணும் எண்டு கட்டியிருந்தால்? அவிழ்த்தால் அது பலிக்காமப் போயிடுமெல்லோ. தொட்டுப் பாத்திட்டு விட்டிட்டன். கம்பி சுட்டது. அந்தப் படியிலேயே இருந்தன், திரும்பி வருவான் எண்டு.”

“பின்னேரம் மட்டும் இருந்தவ,” என்றார் கனகசிங்கம். “நான் குடை பிடிச்சுக்கொண்டு நிண்டன்.”

“அந்த யன்னலுக்கு எப்ப நிழல் வந்தது?”

“நிழலோ? வரேல்லை அண்ணை. நாள் முழுக்க ஒரே வெயில்,” என்றாள் ஜெயமதி.

இரவிச்சந்திரன் தலையாட்டினார். “தோமாருக்கு வந்த அண்டு பின்னேரம் ஆர் ஆர் வெளியில போனது?”

“எல்லாரும்தான் அண்ணை. ஆளாளுக்கு ஊர் பாக்கப் போனம். இவர் மட்டும் கால் நோவெண்டு படுத்திட்டார். இருட்ட முதல் எல்லாரும் வந்திட்டம், சாப்பிட்டம்.”

“சாப்பாடோ அது?” என்று கனகசிங்கம் முதல்முறையாக உயிர்பெற்றார். “வெளிறின பருப்பு, தம்பி! ஆஸ்பத்திரியிலயும் அப்பிடித் தரமாட்டாங்கள். மஞ்சள் முடிஞ்சுதாம். நான்தான் என்ர பாக்கில பெரிய பக்கெற் கொண்டுபோனனான். பாத்திமாவில பாதிக்கு மேல கிடந்தது. போர்த்தோ மட்டும் அதே வெளிறின பருப்புத்தான்.”

“நான் தம்பியைப் பற்றிக் கதைக்கிறன், நீங்கள் பருப்பைப் பற்றிக் கதைக்கிறியள்,” என்றாள் ஜெயமதி.

“பசிச்சவன் பருப்பைத்தான் கதைப்பான்.”

அஜந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. இரவிச்சந்திரன் சிரிக்கவில்லை. “தங்கச்சி, இதை நான் தேடிப் பார்க்கிறன். நீங்கள் அதுக்குள்ள ஒண்டும் செய்துபோடாதேங்கோ.”

“செய்தாச்சு,” என்றார் கனகசிங்கம் சுவரிடம். “கார்டரியில பிள்ளை பாக்கிற வேலையை விட்டிட்டா. தோமாரில அறை பாத்திட்டா. அடுத்த கிழமை பிளேன். என்ர காலோட நான் அங்க போய் அந்தப் படியில இருக்கேலாது தம்பி. அவ என்னை விட்டிட்டுத்தான் போறா.”

ஜெயமதி மறுக்கவில்லை. “அவன் வந்து பாக்கேக்க ஒருத்தரும் இல்லாட்டி?” என்று மட்டும் கேட்டாள்.

அவர்கள் இறங்கிப் போனதும் அஜந்தா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அத்தான், எனக்கு விளங்கிட்டுது. எமிலியானுஸ்! இந்த மனுசியைத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகலாமெல்லோ. சோகி எந்தக் கடற்கரையிலயும் கிடக்கும், கியூரெக்ஸ் எந்தக் கடையிலயும் கிடக்கும்.”

“கியூரெக்ஸ் பூசினது அவருக்கு எப்பிடித் தெரியும்?”

“அப்ப கனகசிங்கம் அண்ணை. மனுசி சொல்லியிருப்பா.”

“மனுசி தன்னை விட்டிட்டுப் போகவோ?”

அஜந்தா சற்று யோசித்தாள். “அப்ப உண்மையிலயே தம்பிதான்.”

“நீ அந்தச் சேட்டை எப்ப வெயிலில போட்டனி?”

“இப்ப என்னத்துக்கு அந்தச் சேட்டு? காலமைதான்.”

“ஒரு நாலைஞ்சு நாளைக்கு எடுக்காதை. அதிலயே கிடக்கட்டும்.”

கண்ணுகளா, நீங்களும் அந்தச் சேட்டை மறந்துவிடாதீர்கள்.

அடுத்தநாள் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் எமிலியானுஸ் வீட்டுக்குப் போனார்கள். மனிதர் வாசலில் நின்று தன் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். அஜந்தா இறங்கும்போதே அவரைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“திரும்பக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி என்னைத்தான் முதலில கேட்டவ,” என்றார் எமிலியானுஸ், குழாயை மூடிக்கொண்டு. “ஏலாதெண்டு சொல்லிப்போட்டன் அண்ணை. நான் ஊர் காட்டுறவன். செத்தவையைக் காட்டுறவனில்லை. அந்த மனுசி படியில இருந்த இருப்பைக் கண்டாப் பிறகு எனக்கு இந்தத் தொழிலே வெறுத்துப் போச்சு.”

அஜந்தாவின் பார்வை கொஞ்சம் இளகியது.

“லிஸ்பனில என்ன நடந்தது?” என்று கேட்டார் இரவிச்சந்திரன்.

“ஒண்டும் நடக்கேல்லை. வானை விட்டிட்டுப் பழைய பக்கத்து ஒழுங்கையளுக்குள்ள நடத்திக்கொண்டு போனன். வெக்கம், நானே வழி மாறிப்போனன். எந்தப் படியால இறங்குறதெண்டு தெரியேல்லை. நல்லகாலம், அக்னெஸக்கா ‘இதால இறங்கி வலப்பக்கம் திரும்பினால் ஆத்தங்கரை வரும்’ எண்டா. வந்தது. ‘என்னக்கா, முந்திப் பிறவியில போர்த்துக்கீசப் பொம்பிளையோ?’ எண்டு பகிடி விட்டன். அவ சிரிக்கேல்லை. முதல்தரமாத்தான் போர்த்துக்கல் வாறா எண்டு வெளிக்கிட முதல் சொன்னவ.”

“கனடாவுக்கு எந்த வழியால வந்தவவாம்?”

“ஜேர்மனியால எண்டுதான் எல்லாருக்கும் சொல்லுறவ.”

எமிலியானுஸ் பயணப் படங்களைக் காட்டினார். அஜந்தா தொலைபேசியைப் பறிக்காத குறையாக வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ஒபிடுஷ் மதிலின்மேல் கனகசிங்கம், கையில் சொக்கலேற் கிண்ணத்தில் செரிப்பழ மது. பாத்திமாவில் ஜெயமதியின் வீங்கிய கண்கள். பக்கத்தில் தலையில் வெள்ளைப் பருத்தி முக்காட்டுடன் அக்னெஸ்.

“என்ன இது, கோயிம்பிராப் பெரிய கோயிலுக்குள்ள அக்னெஸக்கா சுவெற்றரைத் தலையில போட்டுக்கொண்டு நிக்கிறா? இந்த வெக்கைக்குள்ளயோ?” என்று அஜந்தா சிரித்தாள். “நல்ல முக்காடு இருந்ததுதானே?”

“அதுக்குப் பிறகு அந்த முக்காட்டைக் காணேல்லை,” என்றார் எமிலியானுஸ். “துலைஞ்சு போச்சாம்.”

இரவிச்சந்திரன் தொலைபேசியை வாங்கி அந்த இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அதைப் பவ்வியமாகத் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது, காரை ஓட்டிய அஜந்தா ஒரு சிவப்பு விளக்கில் கேட்டாள். “ஆளைப் பிடிச்சிட்டியள், என்ன? முகத்தில தெரியுது. பிறகு என்ன செத்தவீட்டுக்குப் போறமாதிரி வாறியள்?”

“செத்தவீட்டுக்குத்தான் போறம் பிள்ளை.”

அஜந்தா ஸ்ரியரிங்கை இறுக்கிப் பிடித்தாள்.

“கண்டுபிடிக்க முடியேல்லை எண்டு சொல்லிவிட்டால் என்ன எண்டு யோசிக்கிறன்,” என்றார் அவர்.

“சொன்னால் அவ அடுத்த கிழமை பிளேன் ஏறிடுவா அத்தான். அந்தப் படியிலயே கிழவியாகிச் செத்துப்போவா. கனகசிங்கம் அண்ணை இங்க தனியச் செத்துப்போவார்.”

“உண்மையைச் சொன்னால்?”

பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். விளக்குப் பச்சையாகி நேரமாகிவிட்டிருந்தது.

ஜெயமதி போவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு பகல் நேரம், நாலு பேரையும் தன் வீட்டுக்கு அழைத்தார் இரவிச்சந்திரன். எமிலியானுஸ் கதவோரம் நின்றார். கனகசிங்கம் அதே கதிரையில். அக்னெஸ் ஜெயமதிக்குப் பக்கத்தில் இருந்து அவளுடைய கையைப் பிடித்திருந்தாள். நரைத்த தலையை இறுக்க முடிந்த, மெலிந்த பெண். அஜந்தா எல்லோருக்கும் தேத்தண்ணி வைத்தாள். ஒருவரும் தொடவில்லை.

இரவிச்சந்திரன் அந்த வெள்ளைச் சேட்டைப் போட்டிருந்தார்.

“தங்கச்சி, நீங்கள் அண்டைக்கு வரேக்க இந்தச் சேட்டு அந்தக் கொடியில தொங்கினது. இதில பெரிய மஞ்சள் கறை. ஞாபகமோ?”

“கண்டனான் அண்ணை.”

“தோய்ச்சும் போகேல்லை. வெயிலில சும்மா தொங்கவிட்டம். இப்ப பாருங்கோ.”

சேட்டு தும்பைப்பூவாக இருந்தது.

“மஞ்சள் வெயிலுக்கு நிக்காது. சமைக்கிற ஆக்களுக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை. மொன்றியல் வெயிலிலயே இந்தப் பாடெண்டால், நிழல் விழாத அந்த யன்னலில, கம்பி சுடுகிற வெயிலில, அந்தத் துணி எத்தினை நாளைக்கு மஞ்சளா இருந்திருக்கும்? நீங்கள் கண்டது கோழிக்குஞ்சு மஞ்சள். அது ஒரு பகல் வெயிலைக்கூடக் காணாத துணி. நீங்கள் தோமாருக்கு வந்த பின்னேரம் கட்டினது.”

ஜெயமதியின் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க அஜந்தாவுக்குப் பொறுக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அப்ப அவன் அண்டைக்கு அங்கதான் நிண்டிருக்கிறான்! கொஞ்சம் முந்திப் போயிருந்தால்...”

“பொறுங்கோ தங்கச்சி. பாத்திமாவில பாதிக்கு மேல இருந்த மஞ்சள் தோமாரில பருப்புக்கு இல்லை. அவ்வளவு மஞ்சளையும் ஆரும் சாப்பிடேல்லை. ஒரு துணியை நல்லாத் தோய்க்க அவ்வளவும் வேணும். அண்ணை பருப்பைக் கதைச்சிருக்காட்டி எனக்கு இது பிடிபட்டிருக்காது.”

கனகசிங்கம் மெல்ல நிமிர்ந்தார்.

“அப்ப கட்டினது உங்கட வானில வந்த ஒராள். துணி எங்கயால வந்தது? பாத்திமாவில ஒரு வெள்ளை முக்காடு இருந்தது. தோமாருக்குப் பிறகு அது இல்லை.”

ஜெயமதி தன் கையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். பிறகு அந்தக் கைக்குரியவளைப் பார்த்தாள்.

“அக்கா? எனக்கு ஆறுதலுக்காகச் செய்தனீங்களோ?” அவள் குரலில் கோபம் இல்லை. “பரவாயில்லை அக்கா. ஆனால்... சோகி? சோகி அவன்ரதானே. நான் தொட்டுப் பாத்தனான்.”

“சோகி அவருடையதுதான்,” என்றார் இரவிச்சந்திரன். “அதிலதான் நான் நிண்டுபோனன். துணி புதுசு, சோகி பழசு. முடிச்சைக் கட்டின ஆளிட்ட அந்தச் சோகி முதலே இருந்திருக்குது. கையில கட்டின தாயின்ர காப்பை ஒருத்தன் சும்மா கழட்டிக் குடுக்கமாட்டான். அவர் உயிரோட இருந்து குடுத்திருந்தால், வாங்கினவ உங்களைக் கண்ட முதல் நாளே சந்தோசமாச் சொல்லியிருப்பா. இவ்வளவு காலமும் மறைச்சதுக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கேலும்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “அக்னெஸ், லிஸ்பனில எமிலியானுசுக்கே தெரியாத படிக்கட்டு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது. மிச்சத்தை நான் சொல்லக்கூடாது. நீங்கள்தான் சொல்லவேணும்.”

அக்னெஸ் அழவில்லை. அழுகையெல்லாம் எப்போதோ முடிந்துபோனவள்போல, தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

“அந்தப் படிக்கு மேல ஒரு அறை. ஏஜென்சிக்காரன் எங்களைக் கொண்டுபோய் அடைச்சு வைச்சவன். மாரி. ஜேர்மனிக்கு லொறி வருமெண்டான், வரேல்லை. கிருஷாந்தனுக்குக் காய்ச்சல் தொடங்கிட்டுது. நெஞ்சு இழுத்தது. டொக்டரிட்டக் கொண்டுபோனால் எல்லாரையும் பிடிச்சுத் திருப்பி அனுப்புவாங்கள் எண்டு ஏஜென்சிக்காரன் சொன்னவன். நாங்கள் நம்பினம். நான் என்ர உடுப்பெல்லாத்தாலயும் அவனைப் போர்த்தி வைச்சிருந்தன்.”

“அடைச்சு வைச்சிருந்தவங்கள்தானே,” என்றார் கனகசிங்கம், அவளுக்கு ஒரு வழி விடுவதுபோல. “நீங்கள் என்ன செய்யேலும்?”

“கதவு பூட்டேல்லை அண்ணை.” அக்னெஸ் நிமிர்ந்தாள். “அதைத்தான் நான் ஒருத்தருக்கும் சொல்லேலாமக் கிடந்தனான். கதவு பூட்டேல்லை. அந்தப் படியால இறங்கி வலப்பக்கம் திரும்பி ஒரு மனிசரைக் கூப்பிட்டிருக்கலாம். நான் இறங்கினது அவன் செத்த பிறகுதான். ஆத்தங்கரை மட்டும் போய் நிண்டன். திரும்பி வர, அவனைக் கொண்டுபோயிட்டாங்கள். எங்க எண்டு தெரியாது. இண்டைக்கும் தெரியாது.”

ஜெயமதியின் கை அவளுடைய கையிலேயே கிடந்தது. அதை எடுக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லைப் போலும்.

“சோகியைக் கழட்டித் தந்து ‘அக்காட்டக் குடுங்கோ’ எண்டவன். உன்ர பேரைச் சொன்னவன். இங்க வந்து உன்னைத் தேடிப் பிடிச்சன் ஜெயமதி. நீ வயித்தில பிள்ளையோட கதவைத் திறந்தாய். ‘மட்டக்களப்போ? என்ர தம்பியும் வந்துகொண்டிருக்கிறான்’ எண்டாய். சோகி என்ர பேர்சுக்குள்ள. பிள்ளை பிறக்கட்டும் எண்டு நினைச்சன். பேந்து அம்மாவின்ர வருத்தம் முடியட்டும் எண்டு நினைச்சன். பேந்து சொல்லுறதுக்கு நேரம் கடந்துபோச்சுது.”

“அப்ப ஏன் அக்கா அங்க வந்தனீங்கள்?”

“சோகியை அந்த ஆத்தில விட்டிட்டு வருவம் எண்டு. விடேலாமப் போச்சு. பாத்திமாவில நீ என்னை எடு எண்டு கத்தினாய். எனக்குப் பயமாப் போச்சு. நீ கேட்ட அடையாளத்தைக் கொண்டுவந்து கட்டினன்.”

அஜந்தா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அத்தான் கண்டுபிடித்தவுடன் கை தட்ட வேண்டும் என்று அவள் நினைத்திருந்த நாள் இது. எமிலியானுஸ் மெதுவாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஜெயமதி கேட்டாள். “முடிச்சுக்குள்ள காசு வைச்சனீங்களோ?”

“ஓம்.”

“அப்ப சும்மா கட்டேல்லை. நேர்ந்துதான் கட்டியிருக்கிறியள்.”

“ஓம்.”

“என்னத்துக்கு நேர்ந்தனீங்கள்?”

அக்னெஸின் உதடு இரண்டுமுறை அசைந்து, பிறகுதான் சொல் வந்தது. “உனக்கு இது ஒருநாளும் தெரியவரக்கூடாது எண்டு.”

கனகசிங்கம் எழுந்து மனைவிக்குப் பின்னால் போய் நின்றார். அவளுடைய தோளில் கை வைக்கப் போனவர், வைக்காமல் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். இரவிச்சந்திரன் தன் சேட்டின் சுத்தமான நெஞ்சுப் பக்கத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

“அவனுக்குக் காரியம் செய்யவேணும்,” என்றாள் ஜெயமதி, கணக்குப் பார்ப்பவள்போல. “சாம்பல் இல்லை. எலும்பு இல்லை. நாள்கூடச் சரியாத் தெரியாது. அவன்ர எண்டு இந்த உலகத்தில மிச்சமிருக்கிறது அந்தச் சோகி ஒண்டுதான். அது அந்தக் கம்பியில கிடக்குது.”

“அந்த நேர்த்தி பலிக்கேல்லை எல்லோ அண்ணை?” அவள் இரவிச்சந்திரனைத்தான் கேட்டாள். “பலிக்காத நேர்த்தியைப் போய் அவிழ்க்கலாமோ? அதுக்கு ஏதும் முறை இருக்கோ?”

எத்தனையோ எரிந்த கார்களுக்குப் பதில் சொன்ன மனிதர் அஜந்தாவைப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் கையில் பதில் வைத்திருக்கிற அஜந்தா, ஆறிப்போன தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினாள்.

அங்கே தோமாரில் அந்த நேரம் நல்ல வெயில். அந்தத் துணி இதற்குள் முழுக்க வெள்ளையாகியிருக்கும்.